கோலம் போட்டது எத்தனை மணிக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் போன்ற மூளை ரத்தக்குழாய் நோய்கள் பற்றிப் பல துறை மருத்துவர்கள் புதுச்சேரியில் கூடிப் பேசிய மாநாட்டுச் செய்தியைப் படித்தேன். 1823இலேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர், பொருத்தம்தான். நரம்பியல், நரம்பு அறுவை, கதிரியக்கம், இதயம் என்று எல்லோரும் ஒரே அறையில் உட்காருவது அவசியமும்கூட. மூளைக் குழாயை அடைக்கிற ரத்தக்கட்டி பலருக்கு இதயத்தில் உண்டாகி மேலே போய்ச் சிக்குகிறது. டாக்டர்கள் ஆளுக்கொரு மாடியில் இருந்தால் படியேறி இறங்குவது நோயாளிதான்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. அதைச் சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கடலூர் பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவதுதான் பிழைப்பு. 2014 ஜனவரியில், மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஏழரை மணிக்கு என் மனைவியை எழுப்பினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச வருகிறாள், வார்த்தை வரவில்லை. வாயு பிடித்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். புறா ரத்தம் தடவினால் கை கால் வந்துவிடும் என்று இன்னொருவர் சொன்னார். நல்லவேளை, அந்த நேரத்தில் புறா கிடைக்கவில்லை.

முதலில் பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோம். அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. "பிபி இறங்கட்டும்" என்று குளுக்கோஸ் ஏற்றி முக்கால் மணி நேரம் வைத்திருந்தார்கள். அப்புறம் காரில் புதுச்சேரி. ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம்... அந்தச் சாலையில் காலை நேரத்து நெரிசலை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குள் போனபோது மணி ஒன்பதரை. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள்.

அந்த இளம் டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?"

நான் "நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்தாள், காலையில் எழுப்பும்போது இப்படி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. பத்து மணி என்று நான் சொன்னதால் பதினொன்றரை மணி நேரம் ஆகிவிட்டதாக எழுதிக்கொண்டார். ஊசி போடவில்லை. அவர் செய்தது சரிதான். காலம் கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம்.

நான்கு நாள் கழித்து எதிர்வீட்டு அம்மா பார்க்க வந்தார். "அன்னைக்கு ஆறு மணிக்குக்கூட எங்கிட்ட பேசிக்கிட்டே கோலம் போட்டாங்களே, பூசணிப்பூகூட வச்சாங்களே" என்றார். கோலம் போட்டுவிட்டு, களைப்பாக இருந்து மறுபடியும் வந்து படுத்திருக்கிறாள். ஆறு மணியிலிருந்து எண்ணினால் ஒன்பதரைக்கு மூன்றரை மணி நேரம்தான். அந்தக் கோலத்தை மிதித்துக்கொண்டுதான் அவளைக் காருக்குத் தூக்கிப் போனோம்.

ஊசி போட்டிருந்தாலும் முழுக்கத் தேறியிருப்பாள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, தெரியும். நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணக்குப் போட்டிருப்பதைப் பிறகு படித்தேன். நர்ஸிங் ஹோமில் போன நாற்பத்தைந்து நிமிடத்தை அதோடு பெருக்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கட்டியையே இழுத்து எடுக்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு அதில் சந்தேகமே இல்லாமல் போனது. ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட பலன் உண்டு என்று 2018இல் வந்தது. தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடலாம் என்று அதே வருடம் ஓர் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. நரம்பியல்காரரும் ஸ்கேன்காரரும் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. அதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்ற அந்தக் கேள்விக்குப் பதில் வீட்டில்தானே இருக்கிறது? செய்தியில் இருந்த பேச்சாளர் வரிசையில் 108 வண்டியில் வருகிறவர் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் இல்லை. பிபி மாத்திரையை யார் பாதியில் நிறுத்தினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும் (என் மனைவியும் தலைசுற்றல் நின்றதும் நிறுத்தியவள்தான், கருவாட்டை மட்டும் நிறுத்தவில்லை). பிசியோதெரபிஸ்ட் இல்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர் இல்லை. அப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைக்கும் மணி கேட்டால் ஏழு மணியை மூன்று மணி என்பாள், சொன்னது தப்பு என்று அவளுக்கே தெரிந்து சிரிப்பாள்.

அடுத்த மாநாட்டில் இவர்களையும் கூப்பிடுங்கள். மாநாடு முடியும்போது தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடியுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை அக்கம்பக்கத்திலும் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும், சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துவர வேண்டும், வாயில் தண்ணீர், காப்பி எதுவும் ஊற்றக் கூடாது. பின்பக்கத்தில், இரவிலும் ஸ்கேனும் இந்த ஊசியும் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியல், கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒன்றாக. அடைப்பு வந்தவர் ரெட்டிச்சாவடியில் மாநிலம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்தப் பட்டியலை இரண்டு அரசுகளின் சுகாதாரத் துறையிடமும் கேட்டு வாங்கி உங்கள் பத்திரிகையே வெளியிட்டால் இன்னும் நல்லது. வெட்டி எடுத்து பஸ் நிலையத்து டைம் கீப்பர் அறையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டைம் கீப்பர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.