18 வயதுப் பையனுக்கு ஒரு வருட அனுமதி கொடுங்கள்

மதிப்புக்குரிய இங்கிலாந்து கால்பந்து சங்க நிர்வாகிகளுக்கும் பிரிட்டன் உள்துறை அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வெளிநாட்டு வீரர்கள் இங்கிலாந்து கிளப்புகளில் ஆடுவதற்கான வேலை அனுமதி விதிகளை எழுதியவர்களே நீங்கள்தான். அவற்றை உங்களுக்கு விளக்கப்போவதில்லை. டைவோ அவோனியியைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும்.

2015 ஆகஸ்டில் லிவர்பூல் அவரை ஒப்பந்தம் செய்தபோது அந்த நைஜீரியப் பையனுக்கு வயது 18. இங்கிலாந்தில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் ஊர் ஊராக அனுப்பினார்கள். ஜெர்மனியில் எஃப்எஸ்வி ஃபிராங்க்ஃபர்ட், நெதர்லாந்தில் நைமேகன், பெல்ஜியத்தில் மூஸ்க்ரோன், கென்ட், மறுபடி மூஸ்க்ரோன், அப்புறம் திரும்பவும் ஜெர்மனிக்கே வந்து மைன்ஸ், யூனியன் பெர்லின். மொத்தம் 7 முறை லோன், அதாவது வேறு கிளப்புக்கு இரவல். போன இடமெல்லாம் புதுப் பயிற்சியாளர், புது வீடு. சீசன் முடிந்ததும் கிளம்பப்போகிற பையனை நம்பி எந்தப் பயிற்சியாளர் அணியைக் கட்டுவார்? 2021இல் ஒருவழியாக அனுமதி வந்தது. அந்தக் கோடையிலேயே லிவர்பூல் அவரை விற்றுவிட்டது. அந்த அணிக்காக ஒரு போட்டியில்கூட அவர் இறங்கவில்லை. 2022 அக்டோபரில் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்காக ஆடி, அதே லிவர்பூலுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தார். திறமை இல்லாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா?

அனுமதி வேண்டுமென்றால் தேசிய அணியில் ஆடியிருக்க வேண்டும் என்றீர்கள். நல்ல கிளப்பில் ஆடாத பையனைத் தேசிய அணியில் யார் சேர்ப்பார்கள்? 2021 முதல், ஆடிய ஆட்டங்களுக்கும் லீகின் தரத்துக்கும் புள்ளி போட்டு, 15 புள்ளி எடுத்தால் அனுமதி என்று மாற்றினீர்கள். 2023இல் புள்ளி தேறாதவர்களுக்கும் கிளப்புக்குச் சில இடங்கள் என்று வழி விட்டீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த இடங்கள் மேல் இரண்டு டிவிஷன்களான பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகளுக்கே அதிகபட்சம் 4தான். அதற்குக் கீழுள்ள இரண்டு டிவிஷன்களில் 2. அந்த எண்ணிக்கையும் இங்கிலாந்து வீரர்களுக்கு அந்த கிளப் எவ்வளவு நேரம் ஆட வாய்ப்பு தருகிறது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பையன் அதற்கு என்ன செய்ய முடியும்?

பணக்கார கிளப்புகள் எப்படியும் சமாளித்துக்கொள்ளும். ஜப்பானின் மிடோமாவை 2021இல் வாங்கிய பிரைட்டன், அவரை ஒரு வருடம் பெல்ஜியத்தில் ஆடவைத்து அழைத்துக்கொண்டது. ஒரு சின்ன கிளப்பால் அப்படிக் காத்திருக்க முடியுமா? 2009இல் நம் இந்திய வீரர் சுனில் சேத்ரி, லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்பில் ஒப்பந்தமே போட்டார். ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்று அனுமதி மறுத்தீர்கள். அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தானே அந்த கிளப் கூப்பிட்டது? எங்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சரி, பழையதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். கிளப் ஒப்பந்தம் கையில் இருக்கிற 21 வயதுக்குட்பட்ட வீரருக்கு, நாட்டின் தரவரிசையையும் உள்ளூர் லீகின் தரத்தையும் பார்க்காமல் ஒரு வருடத் தற்காலிக அனுமதி கொடுங்கள். வருட முடிவில் அவர் உங்கள் மைதானங்களில் ஆடிய ஆட்டத்தை வைத்து நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அடுத்த சீசனுக்கான விதிகளை எழுதும்போது இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்