பீரங்கியும் வரிக் கணக்கும்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த வரலாற்றுக் கட்டுரை, துருக்கியரின் ஓட்டோமன், ஈரானின் சபாவி, இந்தியாவின் மொகலாயப் பேரரசுகள் மூன்றும் பீரங்கியால் எழுந்து, அரண்மனைச் சுகபோகத்தால் அழிந்தன என்ற கருத்தோடு முடிகிறது. நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

பீரங்கியின் பங்கை மறுப்பதற்கில்லை. 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளின் மதில்களைத் தகர்த்தது அதுவே. 1526இல் பானிபட்டில் பாபருக்குப் பெருந்துணையாக நின்றதும் அதுவே. ஆனால், 1514இல் சால்டிரானில் சபாவி மன்னர் ஷா இஸ்மாயிலின் குதிரைப்படையைப் பீரங்கிகளால் முறியடித்த ஓட்டோமன் சுல்தான் முதலாம் சலீம், சபாவித் தலைநகரான தப்ரீஸ் நகருக்குள் புகுந்த பின்னரும், அங்கே குளிர்காலத்தைக் கழிக்கத் தம் படையினரே இணங்காததால் திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று. வென்ற நிலத்தில் நிலைப்பதற்கு வரிக் கணக்கு வேண்டியிருந்தது. ஓட்டோமன் எழுத்தர்கள் ஊர் ஊராகச் சென்று குடிகளையும் விளைச்சலையும் பதிவேட்டில் எழுதி, அவ்வருவாயைப் போர்வீரர்களுக்குப் பங்கிட்டனர். அக்பரின் அரசில் ராஜா தோடர்மால், பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி கண்டு, 1580 அளவில் நிலவரியை வகுத்தார். வசூல், பாக்கி என்று நாம் திருகோணமலைக் கடைத்தெருவில் இன்றும் சொல்லும் சொற்கள், பாரசீகத்தை எழுத்துமொழியாகக் கொண்ட அத்தகைய நிருவாகங்களின் வழியே தமிழை வந்தடைந்தவை.

சபாவி மன்னர் ஷா அப்பாஸ் செய்த மாற்றம் இன்னும் ஆழமானது. தம் முன்னோரை அரியணையேற்றிய கிசில்பாஷ் எனப்பட்ட துருக்கமானியப் போர்க்குலத் தலைவர்களின் பிடியைத் தளர்த்த, ஜோர்ஜிய, ஆர்மீனிய, சர்க்காசிய வழிவந்த தனிப்படையை வளர்த்து, அதற்குச் சம்பளம் கொடுப்பதற்காக மாகாணங்களை நேரடி அரச நிலமாக்கினார். கடற்படை இல்லாத அவர், 1622இல் ஆங்கிலேயக் கப்பல்களின் துணையோடு போர்த்துக்கேயரிடமிருந்து பாரசீக வளைகுடா வாயிலிலுள்ள ஹோர்முஸ் தீவைக் கைப்பற்றினார். அதே ஆண்டுகளில்தான் அதே போர்த்துக்கேயர் நமது கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு இங்கே கோட்டை எழுப்பினர். இரண்டும் ஒரே கடலின் வரலாறு என்பதை நம் மாணவர்களுக்கு எவரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

சபாவி அரசு 1722இல் ஆப்கானியரிடம் தலைநகர் இஸ்பஹானை இழந்து சரிந்தது உண்மைதான். மற்ற இரண்டையும் அவ்வாறு சொல்லிவிட முடியாது. நீண்ட போர்களின் செலவைத் தாங்க, ஓட்டோமன் அரசு 1695இல் வரி வசூலிக்கும் உரிமையை ஆயுட்காலக் குத்தகைக்கு விட்டது. அதனால் மாகாணங்களில் செல்வாக்குள்ள குடும்பங்கள் தலையெடுத்தன, ஆயினும் பேரரசு 1922 வரை நீடித்தது. அவுரங்கசீப் 1707இல் மறைந்த பின் வங்காளமும் அவத்தும் ஹைதராபாத்தும் தம்போக்கில் ஆட்சி செய்தன. எனினும், ஈரானிய மன்னர் நாதிர் ஷா 1739இல் டில்லியைச் சூறையாடிய பிறகுங்கூட, அவை மொகலாயப் பேரரசரின் பெயரிலேயே நாணயம் அடித்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இத்தகைய மாற்றத்தைச் சுகபோகம் என்ற ஒரு சொல்லில் அடக்குவது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தவறான விடையைக் கொடுப்பதாகும்.

ஆகவே, இத்தொடரின் அடுத்த பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் தனிக் கட்டுரையொன்று ஒதுக்கி, அதனுடன் மூன்று பேரரசுகளின் எல்லைகளையும் காட்டும் வரைபடமொன்றையும் வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருகோணமலை.