உச்சிப்புளி வரை மிதக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

என்ஜின் நின்றுபோன சிறிய தனியார் விமானங்கள் அவசரமாகத் தரையிறங்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் எனக்குக் குறையில்லை. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்கள்தான் என்னை எழுத வைத்தன. நம் மாவட்டத்தில் உச்சிப்புளியில் கடற்படை ஓடுதளம் இருப்பதால் கவலையில்லை என்கிறார் ஒருவர். இராமநாதபுரம் முழுக்கப் பொட்டல்தானே, எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என்ஜின் நின்ற மாத்திரத்தில் விமானம் கல்லாக விழுந்துவிடாது. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே செல்லும். பாம்பனுக்கு மேலே 3,000 அடியில் என்ஜின் நின்றால், விமானியின் கையில் இருப்பது சுமார் 8 கிலோமீட்டர். உச்சிப்புளி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது. எப்படியாவது எட்டிவிடலாம் என்று விமானத்தின் மூக்கை உயர்த்துபவருக்கு வேகம் போய்விடும். வேகம் போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. ஓடுதளத்தை மறந்துவிட்டு அருகில் கிடைத்த இடத்தைத் தேர்ந்தெடுப்பவரே விவரமான விமானி.

அடுத்தது பொட்டல். மேலிருந்து பார்த்தால் கோடைக் கண்மாய் மைதானமாகத்தான் தெரியும். இறங்கிப் பார்த்தால் சீமைக் கருவேலம். உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு, முன்சக்கரத்தை ஒடிக்க அதுவே போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்கள், குறுக்கே மின்கம்பிகள். வானத்திலிருந்து கம்பி கண்ணுக்குப் படாது. கம்பத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கடற்கரையிலோ அலை நனைத்த இறுகிய மணல் சக்கரத்தைத் தாங்கும், சற்று மேலே இருக்கும் உலர்ந்த மணல் சக்கரத்தை விழுங்கி விமானத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடும். இதற்கிடையே காற்றையும் பார்க்க வேண்டும். ஆடி மாதக் காற்றை எதிர்த்து இறங்கி, தரை தொடும் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைந்தால் மோதலின் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். இத்தனையையும் முடிவு செய்ய விமானிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தொலைக்காட்சி விவாதத்தில் நமக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது!

என்ஜின் ஏன் நிற்கிறது என்பதற்குப் பல நேரங்களில் விடை எளிது: பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது அதில் தண்ணீர் கலந்திருக்கும். விமான பெட்ரோல் வெளிர்நீல நிறத்தில் இருக்கும். புறப்படும் முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் நிறமில்லாத முத்தாக அடியில் உருளும். கடலோர ஈரக்காற்றில் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. நம்ப முடியாத காரணமும் ஒன்று உண்டு. பனியே காணாத இந்தச் சீமையில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும். காற்றில் உள்ள ஈரம் உறைந்து காற்றுப் பாதையை அடைக்கும். என்ஜின் விசையைக் குறைத்து இறங்கும் நேரத்தில் இந்த ஆபத்து அதிகம். என்ஜின் சூட்டை கார்புரேட்டருக்குள் திருப்பிவிட ஒரு பிடி இருக்கிறது. அதை நேரத்தில் இழுக்க வேண்டும். விசாரணைக்கு ஆள் வந்து சேர்வதற்குள் பனி உருகித் தடயமே இல்லாமல் போயிருக்கும். விமானிமேல் பழி போடுவதில் அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனக்குப் பெரிய கவலை, இறங்கிய பிறகு ஓடிவரும் நம் ஆட்களைப் பற்றி. புரொப்பெல்லர் என்னும் முன்விசிறியை யாரும் தொடக்கூடாது. இந்த என்ஜினின் மேக்னெட்டோ தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும். சாவி அணைக்கப்படாமலோ, அதன் கம்பி அறுந்தோ இருந்தால், கையால் லேசாகச் சுழற்றினாலே என்ஜின் ஒருமுறை வெடித்து இயங்கிக் கையைக் கொண்டுபோய்விடும். இறக்கைக்குள் 200 லிட்டர் வரை பெட்ரோல் இருக்கலாம். பீடியோடு பக்கத்தில் போகாதீர்கள். கவிழ்ந்த விமானத்தில் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குபவரை, ஒருவர் தோளையும் கழுத்தையும் தாங்கிக்கொண்ட பிறகே அறுத்து இறக்க வேண்டும். அவசரத்தில் பெல்ட்டை மட்டும் அறுத்தால் கழுத்து முறியும். சிர்ரஸ் போன்ற சில விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட்டும், அதை வெளியே எறிய ஒரு ராக்கெட்டும் உண்டு. அது வெடிக்காமல் மிச்சமிருக்கலாம். எச்சரிக்கை ஒட்டியிருக்கும் பக்கம் நிற்க வேண்டாம்.

கடலில் இறங்கினால், பெண்கடல் என்னும் பாக் நீரிணையானாலும் ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடாவானாலும், முதலில் போய்ச் சேரப்போவது நம் வள்ளங்கள்தான். சக்கரம் நீரில் தட்டியதும் சிறிய விமானம் குப்புற விழக்கூடும். விமானம் மூழ்கிவிட்டால் அதன் அபாய சமிக்ஞைக் கருவியும் பெரும்பாலும் பேசாது. பார்த்தவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ உடனே சொல்ல வேண்டும். படம் எடுப்பது பிறகு.

கடலோரக் கிராமங்களில் புயலுக்கும் சுனாமிக்கும் ஒத்திகை நடக்கிறது. அதில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்க மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். வள்ளக்காரர்களையும் 108 ஓட்டுநர்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஆட்களை மீட்பதற்குத் தேவையானதைத் தவிர விமானத்தின் எந்தப் பாகத்தையும் நகர்த்தக்கூடாது என்பது சட்டம். அதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும் அழைப்பு அனுப்புவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
மண்டபம்.