மில்ட்ரெட் எங்கே? ‘ஃபாரன்ஹீட் 451’ ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தீயணைப்புக்காரர்கள் தீயை அணைக்காமல் புத்தகங்களைக் கொளுத்தும் உலகத்தைப் பற்றிய ரே பிராட்பரியின் இந்த நாவலை நேசிக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

‘ஃபாரன்ஹீட் 451’-ஐத் திரும்பப் படமாக்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே அதே சண்டைதான். 1966-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்ததோடு போதும், இனி யாரும் கை வைக்கக்கூடாது என்று ஒரு கூட்டம். 2018-ல் ஹெச்பிஓவுக்காக ரமீன் பஹ்ரானி எடுத்ததைப் பார்த்தபிறகு இவர்கள் குரல் இன்னும் ஓங்கிவிட்டது. கையில் செல்போன் வந்துவிட்ட காலத்தில் 1953-ல் எழுதியதை அப்படியே எடுத்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது இன்னொரு கூட்டம். அப்புறம், ஒரு வரி மாறினாலும் துரோகம் என்பவர்கள். இந்த மூன்று பக்கமும் ஏதாவது ஒரு வயதில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் யாரையும் பழிக்க இதை எழுதவில்லை. ஆனால் இத்தனை பேச்சிலும், கதாநாயகனான தீயணைப்புக்காரன் மாண்டாகின் மனைவி மில்ட்ரெட்டின் பெயர் வருவதே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ‘வரி மாறக்கூடாது’ என்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன். இந்தக் கதையை மாற்றிய முதல் ஆள் ரே பிராட்பரியேதான். 1951-ல் ‘கேலக்ஸி’ இதழில் ‘த ஃபயர்மேன்’ என்று வந்த கதையை வளர்த்துத்தான் நாவலாக்கினார். பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணி நேரத்துக்குப் பத்து சென்ட் காசு போட்டால் ஓடும் டைப்ரைட்டரில், நேரம் தீர்வதற்குள் தட்டித் தட்டி எழுதியது. நாவலில், மாண்டாகைக் கேள்வி கேட்டுச் சிந்திக்க வைக்கும் பக்கத்து வீட்டுப் பெண் கிளாரிஸ் திடீரென்று காணாமல் போகிறாள். கார் மோதிச் செத்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். த்ரூஃபோ அவளைக் கடைசிவரை உயிரோடு கொண்டுபோனார். பிராட்பரிக்கு அது பிடித்துப்போய், பின்னால் தானே நாடகமாக எழுதியபோது அவரும் அவளைப் பிழைக்க விட்டார். அதே நாடகத்தில் மாண்டாகின் மேலதிகாரி கேப்டன் பீட்டி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், சுவர் சுவராக அடுக்கி வைத்த புத்தகங்களைக் காட்டுகிறார். வைத்திருப்பது குற்றமில்லை, படிப்பதுதான் குற்றம், தான் ஒன்றையும் படிப்பதில்லை என்கிறார். நாவலில் இல்லாத காட்சி இது. எனக்கு நாவலில் உள்ள பல காட்சிகளைவிடப் பிடித்த காட்சியும் இதுதான்.

சொல்லாமல் கொள்ளாமல் வெட்டுவது வேறு விஷயம். 1967-ல் பாலன்டைன் பதிப்பகம் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு கொண்டுவந்து, வசைச் சொல், கருக்கலைப்பு என்று எழுபத்தைந்து இடங்களில் கை வைத்தது, பிராட்பரிக்கே தெரியாமல். புத்தகத்தைச் சிதைப்பது பற்றிய புத்தகத்தில்! தெரியவந்தபோது பிராட்பரி கொதித்துப்போனார், மூல வடிவத்தைத் திரும்ப அச்சிட வைத்தார். ஆக, அவர் மாற்றத்துக்கு எதிரி இல்லை, நறுக்குவதற்குத்தான் எதிரி. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது? தப்பி ஓடுகிறவர்களைத் துரத்திக் கொல்லும் இயந்திர நாயை விடலாம். அதற்காக அழுபவர்கள் இருக்கிறார்கள், தெரியும். த்ரூஃபோ படத்தில் அது இல்லாததால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. மாண்டாகுக்கு உதவும் முன்னாள் பேராசிரியர், கிழவர் ஃபேபரைக்கூட, மனசில்லாமல், விடலாம். மில்ட்ரெட்டை விடவே கூடாது. கதையின் உயிரே அவளிடம்தான் இருக்கிறது.

அந்த முதல் இரவை நினைத்துப் பாருங்கள். மாண்டாக் இருட்டறைக்குள் நுழைகிறான், காலில் ஏதோ சின்னதாக இடறுகிறது. முப்பது தூக்க மாத்திரை இருந்த புட்டி, காலி. கட்டிலில் மனைவி, காதில் சிப்பி மாதிரியான குட்டி ரேடியோக்கள், கண் திறந்தபடி. அவன் போன் பண்ணுகிறான். வருவது டாக்டர் இல்லை, இரண்டு வேலையாட்கள். குழாய் அடைப்பு எடுக்க வருகிற மாதிரி வந்து, வாயில் சிகரெட்டோடு வயிற்றைக் கழுவி, ரத்தத்தை மாற்றிவிட்டு, ஒரு ராத்திரிக்கு இப்படி ஒன்பது பத்து கேஸ் வருகிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். காலையில் அவளுக்கு எதுவும் நினைவில்லை. பசிக்கிறது என்கிறாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று சுவரும் டிவி, நாலாவதும் வேண்டும் என்று கேட்கிறாள். அதன் விலை இரண்டாயிரம் டாலர், அவன் வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

பத்தொன்பது வயதில் முதல் தடவை படித்தபோது அவளை ஒரு முட்டாளாகத்தான் பார்த்தேன். பல வருஷம் கழித்து, ஒரு ராத்திரி காதில் இயர்போன் ஓடிக்கொண்டிருக்க, திரும்பப் படித்தேன். சிப்பி என்ற சொல் வந்த இடத்தில் கை தானாகக் காதுக்குப் போனது. கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே படித்தேன். அன்றிலிருந்து அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவள் ஏன் முக்கியம் என்றால், பீட்டி மாண்டாக் வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லும் அந்த நீண்ட பேச்சு அவள் இல்லாமல் நிற்காது. புத்தகத்தை முதலில் ஒழித்தது அரசாங்கம் இல்லை என்கிறார் அவர். மக்களுக்கு வேகம் தேவைப்பட்டது, எல்லாவற்றையும் சுருக்கினார்கள், பெரிய காவியம் ஒரு பக்கமானது, ஒரு பக்கம் ஒரு வரியானது, படிப்பவர்கள் தாமாகவே நின்றுபோனார்கள், அதற்கு அப்புறம்தான் நெருப்பு வந்தது. இதைச் சொல்லும்போது மில்ட்ரெட் பக்கத்தில் நின்று தலையணையைச் சரிசெய்கிறாள், அதன் அடியில் மாண்டாக் ஒளித்து வைத்த புத்தகம் கையில் தட்டுப்படுகிறது. பேச்சும் அதற்கு அத்தாட்சியும் ஒரே அறையில்!

2018 படத்தில் மாண்டாகுக்கு மனைவியே கிடையாது. வீட்டில் அவனோடு பேச ஒரு கணினிக் குரல். உள்நாட்டுப் போர், அமைச்சகம், தடை என்று எல்லாம் மேலிருந்து வருகிறது. இது நாமே தேடிக்கொண்டது என்ற பேச்சு அதிலும் வருகிறதுதான், ஆனால் சொல்லிவிட்டுப் போகிறார்களே தவிர, அதை வீட்டுக்குள் வாழ்ந்துகாட்ட ஒரு ஆள் இல்லை. மைக்கேல் ஷானன் பீட்டியாக அருமையாகவே நடித்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. பிரச்சினை அந்தப் படம் புதிதாகச் சேர்த்த எமோஜியோ, புத்தகங்களைச் சேமித்து வைக்கும் பறவையின் மரபணுவோ இல்லை, நீங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள். மனைவியை எடுத்த இடத்திலேயே கதையின் அடிமடியில் கை வைத்தாகிவிட்டது.

த்ரூஃபோ அவளை வைத்திருந்தார், பெயரை மட்டும் லிண்டா என்று மாற்றி. அவளாகவும் கிளாரிஸாகவும் ஜூலி கிறிஸ்டி ஒருவரையே நடிக்க வைத்தார், பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது, ஒரே பெண்ணுக்கு நடந்திருக்கக்கூடிய இரண்டு வாழ்க்கை மாதிரி. எழுத்து தடைசெய்யப்பட்ட உலகம் என்பதால் ஆரம்பப் பெயர்களைத் திரையில் எழுதாமல், கூரைகளில் நிற்கும் ஆன்டெனாக்களைக் காட்டி ஒரு குரல் வாசிக்க விட்டாரே, எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் அந்த உலகத்துக்குள் நம்மைத் தள்ளிவிட்டது அது. ‘காலத்துக்கேற்ப மாற்று’ என்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சுவர் டிவி, காதுக்குள் பேசும் கருவி, நேரலையில் ஒருவனைத் துரத்திப் பிடிப்பது, எல்லாம் 1953-லேயே அதில் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லை.

ஒரு சிக்கலை மட்டும் மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பீட்டியின் அந்தப் பேச்சில் சிறுபான்மையினர் மனம் புண்படுகிறது என்பதும் ஒரு காரணமாக வருகிறது. அதை எடுத்துக்கொண்டு இன்றைய அரசியலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதனாலேயே அதை வெட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அதே சமயம், பேசுகிறவர் யார் என்பதைப் படம் மறக்கவிடக்கூடாது. வீடுகளைக் கொளுத்துவதே தொழிலாக உள்ள ஒருவர், தன் தொழிலுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, போர். நாவல் முழுக்கத் தலைக்கு மேலே ஜெட் விமானங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முடிவில் ஒரு கணத்தில் நகரம் இல்லாமல் போகிறது. இரண்டு படங்களிலும் இது கிடையாது. த்ரூஃபோவின் பனி விழும் கடைசிக் காட்சி அழகுதான், நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் குண்டு விழாததால் போனது என்ன தெரியுமா? நாவலின் தொடக்கத்தில் மாண்டாக் மனைவியிடம், நாம் முதலில் எங்கே சந்தித்தோம், எப்போது என்று கேட்கிறான். பத்து வருஷம் முன்னால், அது மட்டும் தெரிகிறது. இடம் இருவருக்குமே நினைவில்லை. அவள் சிரித்துவிட்டு மாத்திரை எடுக்கப் போய்விடுகிறாள். பிறகு அவள்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். பெட்டியோடு அவனைக் கடந்து ஓடும்போதுகூட, போய்விட்டதே, என் குடும்பம் போய்விட்டதே என்று, தான் குடும்பம் என்று சொல்லும் சுவர் டிவிப் பாத்திரங்களுக்காகத்தான் புலம்புகிறாள். அப்புறம் நகரத்தின்மேல் குண்டு விழுகிறது, ஆற்றங்கரைக்கு அப்பால் தரையோடு தரையாகக் கிடக்கிற மாண்டாகுக்கு அப்போதுதான் ஞாபகம் வருகிறது: சிகாகோ. அங்கேதான் சந்தித்தோம்.

சொல்ல அவள் இல்லை. இதை இதுவரை எந்தப் பெரிய படத்திலும் நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அடுத்து யார் எடுப்பதாகச் செய்தி வந்தாலும் மாண்டாக் யார் என்று நீங்கள் சண்டையைத் தொடங்குவதற்கு முன்னால், மில்ட்ரெட்டாக நடிப்பது யார் என்று ஒரு தடவை கேளுங்கள். நானும் கேட்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு வாசகி