தெரிந்த வக்கீல்

டெக்சாஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் எப்போதும் "பரவாயில்லை" என்கிறீர்கள். பதில் கடிதத்திலாவது உள்ளதை எழுதுங்கள்.

பழைய வீட்டு முன்பணம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். 1,450 டாலர். காலி செய்து ஏழு வாரம் ஆகியும் ஒரு செண்ட் திரும்பி வரவில்லை. தரைவிரிப்பைப் பாழாக்கிவிட்டோமாம். ஜன்னலோரத்தில் வெயில் பட்டு ஒரு முழ அகலத்துக்கு நிறம் மங்கிக் கிடந்தது. நாங்கள் குடிவந்த அன்றும் அது அப்படித்தான் இருந்தது.

"தெரிந்த வக்கீலாகப் பார்" என்றீர்கள் அல்லவா? அதன்படி நியூ ஜெர்சியில் இருக்கும் மாமாவின் சிநேகிதருக்குத்தான் முதலில் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, எனக்கு டெக்சாஸில் உரிமம் கிடையாது. அங்கேயே உரிமம் உள்ள ஒருவரைப் பார்" என்று சொல்லிவிட்டார். தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குக் கோபம். விசாரித்தபோது, மனிதர் நேர்மையாகப் பேசியிருக்கிறார் என்று தெரிந்தது. சென்னையில் பதிவு செய்த வக்கீல் தில்லியில் போய் வாதாடலாம். இங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறது. உரிமம் இல்லாத மாநிலத்தில் வழக்கு நடத்தப் போனால் வக்கீல் மேலேயே நடவடிக்கை வரலாம். ஆனால் குடியேற்ற விவகாரம் மத்திய அரசின் சட்டம் என்பதால் எந்த மாநில வக்கீலும் பார்க்கலாம். என் விசா வேலையை வெளிமாநிலத்துக்காரர் பார்க்கிறாரே என்று நீங்கள் ஒருமுறை கேட்டதற்கு இப்போதுதான் எனக்கே பதில் தெரிகிறது.

வக்கீலுக்குப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் போனால் வீடளவு பலகைகளில் கோட்டு போட்ட முகங்கள் சிரிக்கின்றன. நம் நாட்டில் வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. இங்கே உச்ச நீதிமன்றமே 1977-இல் வழிவிட்டுவிட்டது. அந்த முகங்களில் பெரும்பாலானவை விபத்து வழக்குக்காரர்களுடையவை. கிடைக்கும் நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்துக்கொள்வார்கள். என் ஒரு முழத் தரைவிரிப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியில் மாநில வழக்கறிஞர் சங்கத்துக்கே போன் செய்தேன். என்ன வழக்கு என்று கேட்டு ஒரு பெயர் கொடுத்தார்கள். முதல் அரை மணி நேரத்துக்கு 20 டாலர்தான். போகும் முன் சங்கத்தின் இணையதளத்தில் அந்த அம்மையாரின் பெயரைத் தேடினேன். உரிம எண், உரிமம் பெற்ற நாள், இப்போது தொழில் செய்யத் தகுதி உண்டா, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரா, எல்லாம் இருக்கிறது. சம்பந்தம் பேசும்போதுகூட நாம் இவ்வளவு விசாரிப்பதில்லை.

நான் தரைவிரிப்பின் புகைப்படங்களை மேஜையில் பரப்பி வைத்தேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. "உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுத்தீர்களா?" என்றார். போனில் சொன்னேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

டெக்சாஸில் வீட்டை ஒப்படைத்த 30 நாளுக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும். ஆனால் புது முகவரியை எழுதிக் கொடுக்கும் வரை உரிமையாளருக்கு அந்தக் கடமை இல்லை. கொடுக்காததால் என் உரிமை போய்விடாது, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்த பிறகும் வேண்டுமென்றே பிடித்து வைத்தால், பிடித்த தொகையைப் போல் மூன்று மடங்கும் மேலே 100 டாலரும் அவர் தர வேண்டியிருக்கும். புழக்கத்தில் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்யவும் கூடாது.

"இதற்கு நான் வேண்டாம்" என்றார் அந்த அம்மையார். 20,000 டாலர் வரையிலான வழக்கைச் சிறிய நீதிமன்றத்தில் நாமே போட்டுக்கொள்ளலாமாம். அவரை அமர்த்தினால் கட்டணமே முன்பணத்தை விழுங்கிவிடுமாம். தன் வருமானத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன வக்கீலை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவரும் இல்லை, தெரிந்தவருக்குத் தெரிந்தவரும் இல்லை.

அன்று இரவே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உரிமையாளர் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கான ஒப்புகை நேற்று வந்தது. இங்கே அது பச்சை நிறத்தில் ஒரு அட்டை. அம்மாவிடம் சொல்லும்போது மட்டும் கவனம் அப்பா. "பையனுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடப் போகிறாள்.

உங்கள் அன்பு மகன்