பிரிக்ஸ் தலைவர்களுக்கு, வரிசையில் கிடந்த ஒருவன் எழுதுவது

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலான பிரிக்ஸ் நாடுகளின் மதிப்புக்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூலையில், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு இருந்தபோது, வவுனியாவில் ஒரு பெற்றோல் செட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளோடு இரண்டு இரவு கிடந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் பின் சீற்றிலேயே முடங்கிப் படுத்தார். வரிசை நம்பர்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்த பொடியனுக்கு, இடையில் நுழைய வந்தவர்களோடு சண்டை பிடித்தே தொண்டை கட்டிப்போயிருந்தது. உலக அரசியலை நான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கியது அங்கேதான், போனில் சார்ஜ் இருந்த வரைக்கும்.

அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று எங்கள் அரசு கைவிரித்திருந்தது. அதற்கு முன்பே இந்தியா உதவத் தொடங்கிவிட்டது. எரிபொருளுக்கு 50 கோடி டொலர், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் 100 கோடி டொலர் என்று தொடங்கி, அந்த வருட உதவி 400 கோடி டொலரளவுக்குப் போனது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் கப்பலேறி வந்தன. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்க வரவில்லை.

ஆனால் கடன் பேச்சு வந்தபோது நடந்தது வேறு. சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டொலர் தர, எங்களுக்குக் கடன் கொடுத்த முக்கிய நாடுகள் முதலில், கடன் சுமையைக் குறைக்கச் சம்மதம் என்று உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். இந்தியா 2023 ஜனவரியில் கொடுத்தது. சீனாவின் எக்ஸிம் வங்கி (அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி) கடனைக் கட்ட இரண்டு வருட அவகாசம் மட்டும் தருவதாகச் சொன்னது. அது போதாது என்றாகி, சரியான கடிதம் வர மார்ச் ஆனது. அதன் பிறகும் ஒரே மேசைக்கு வந்தீர்களா? ஜப்பான், பிரான்சோடு சேர்ந்து ஒரு குழுவுக்கு இந்தியா தலைமை தாங்கியது. சீனா தனியாகப் பேசியது. கடைசியில் 2024 ஜூன் 26 அன்று, ஒரே நாளில், பாரிஸில் அந்தக் குழுவோடு ஒரு கையெழுத்து, பெய்ஜிங்கில் சீனாவோடு இன்னொன்று.

நாணய நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் அது ஒன்றே அவற்றைத் தடுக்கலாம், இது அநியாயம் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். நீங்களே தொடங்கிய ‘புதிய அபிவிருத்தி வங்கி’யின் சாசனத்தையும் பார்த்தேன். யார் புதிதாகச் சேர்ந்தாலும், வங்கியை ஆரம்பித்த ஐந்து நாடுகளின் மொத்த வாக்கு 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாதாம். கதவு புதிது, பூட்டு பழையது.

அப்புறம், டொலர் நெருக்கடி வந்தால் உங்களுக்குள் உதவிக்கொள்ள வைத்திருக்கும் 10,000 கோடி டொலர் அவசர நிதி. 2014இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் கையெழுத்திட்டீர்கள். அதில் ஒரு உறுப்பு நாடு தனக்குரிய உச்ச வரம்பில் 30 சதவீதத்தைத்தான் சும்மா எடுக்கலாம். மிச்சத்துக்கு நாணய நிதியத்தோடு உடன்பாடு வேண்டும். 2020இல் கொரோனா அடித்தபோது தென்னாபிரிக்காவே நாணய நிதியத்திடம் 430 கோடி டொலர் வாங்கியது. (உங்கள் வங்கியும் 100 கோடி கொடுத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், வெளியே நிற்கிற எங்களைக் கேட்கவே வேண்டாம்.

2009இல் நான்கு பேராகக் கூடினீர்கள், தென்னாபிரிக்கா பிறகு சேர்ந்தது. இன்று எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம், இந்தோனேசியா எல்லாம் உள்ளே. எங்கள் நாடும் 2024இல் விண்ணப்பம் போட்டது. கூட்டப் படத்தில் இன்னொரு கொடி சேர்வதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. 2026இல் தலைமை இந்தியாவிடம் இருப்பதால் இரண்டே விஷயம் கேட்கிறேன். ஒரு சின்ன நாடு கடனில் விழுந்தால், உங்களில் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் முதல் மாதத்திலேயே ஒரே மேசையில் உட்காருவோம் என்று எழுதிக் கொடுங்கள். அவசர நிதியில் ஒரு சிறு பங்கை, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மட்டுமாவது, உறுப்பினர் அல்லாத நாடுகளுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒருவன்
(அந்தக் கொப்பியில் என் நம்பர் 212)