செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் அறிவியல் புனைகதை ரசிகர் மன்றத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. புது உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். சந்தா பாக்கியும் சேர்ந்தது.

ஆண்டின் பெரும்பகுதியை ஒரே கேள்வி விழுங்கிவிட்டது. நாம் சேர்ந்து எழுதும் தொடர்கதையில் விண்கப்பல் வெடித்துப்போனதால் வந்த வினை: அடுத்து வரும் கப்பலுக்குப் பழைய பெயரா, புதுப் பெயரா?

பழைய பெயர்க் கட்சியினர் ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரையும் அதன் திரைப்படங்களையும்தான் துணைக்கு அழைத்தார்கள். 1984 படத்தில் அழிந்த, 1701 என்ற எண் கொண்ட எண்டர்பிரைஸ் விண்கப்பல், 1986 படத்தின் முடிவில் 1701-ஏ என்ற எண்ணோடு திரும்பி வந்தது. கதைப்படி இடையில் சில மாதங்களே. அதற்குள் புதுக் கப்பல் கட்ட முடியுமா? ஏற்கெனவே இருந்த யார்க்டவுன் என்ற இன்னொரு விண்கப்பலுக்குப் பெயர் மாற்றியிருப்பார்கள் என்பது ரசிகர்களின் பழைய ஊகம். ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் 1964 திட்ட வரைவில் நாயகக் கப்பலின் பெயரே யார்க்டவுன்தான் என்பதால் இந்த ஊகத்துக்கு ஒரு மவுசு. ஆனால் அதே 1986 படத்தில் யார்க்டவுன் மின்சக்தி இழந்து தத்தளிக்கிறதே என்று எதிர்த்தரப்பு கேட்டதும் கூட்டம் இரவு வரை நீண்டது.

பெயர் மாற்றுவது நிஜத்திலும் நடந்ததுதான். 1942இல் மிட்வே போரில் யார்க்டவுன் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபின், வேறு பெயரில் கட்டப்பட்டுவந்த ஒரு கப்பலுக்கு அமெரிக்கக் கடற்படை அந்தப் பெயரைச் சூட்டியது.

என் மனம் ஒப்பாதது டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் டிரெக் தொடர் செய்த காரியம். 1999இல் அதன் டிஃபையன்ட் விண்கப்பல் அழிந்ததும், பதிலுக்கு வந்த சாவ் பாவ்லோ என்ற கப்பல் சிறப்பு அனுமதியோடு டிஃபையன்ட் ஆகிவிட்டது. இறுதிப் போரில் பழைய காட்சிகளையே மறுபடி ஓட்டியதால் கப்பலின் உடலில் எண்ணும் பழையதே. அப்புறம் இழப்புக்கு என்ன பொருள்? 1701-ஏ என்பதில் அந்த ஓர் எழுத்தாவது போன கப்பலுக்குச் சாட்சியாக நிற்கிறது.

எனவே பழைய பெயர், எண்ணில் கூடுதல் எழுத்து என்ற தீர்மானத்தை இன்று வாக்கெடுப்புக்கு வைக்கிறோம். புதுப் பெயர் கேட்போர் இதுவரை கொடுத்த பெயர்களில் பாதி அவரவர் குழந்தைகளின் பெயர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் தயவுசெய்து தந்துவிடவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்